மூடுபாறை அந்துப்பூச்சி

தேயிலைக்கும் மேகத்துக்கும் நடுவே வேறெதுவும் இல்லாத மூடுபாறை எஸ்டேட்டில், சொல்லாமல் விழுங்கிய சொற்கள் அந்துப்பூச்சிகளாக வாய்வழியே வெளியே வரத் தொடங்கிய வருடம், முதல் பூச்சி வந்தது கொழுந்து எடை போடும் சடையாண்டியின் வாயிலிருந்து. செப்டம்பர் மாதத்தின் ஒரு காலையில், ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் நின்று அன்றைக்கு யார் யார் எந்தத் தேயிலைக் காட்டுக்குப் போக வேண்டும் என்று பேர் வாசித்துக்கொண்டிருந்தவர் சின்னதாக ஒரு இருமல் இருமினார். தேயிலைத் தூளின் நிறத்தில் ஒரு பூச்சி அவர் உதட்டில் வந்து நின்று, சிறகை உதறி, பெண்களின் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, அவர் மனைவி ராக்கம்மாளின் கொழுந்துக்கூடையில் போய் உட்கார்ந்தது.

"ஏன்யா, காலங்காத்தால வாயில பூச்சிய அடக்கி வச்சுக்கிட்டா பேரு வாசிக்கிறே?" என்று வரிசையில் யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். சடையாண்டி விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.

பகல் முழுக்க அந்தப் பூச்சி ராக்கம்மாளின் கூடையை விட்டு நகரவில்லை. கூடை நிறைந்தபோது விளிம்புக்கு ஏறியது, எடை போட்டுக் காலியானபோது மறுபடி உள்ளே இறங்கியது. சாயங்காலம் அவள் கேட்டாள்: "என்னங்க, உங்க பூச்சி என்னையவே சுத்திக்கிட்டுக் கிடக்கு, என்ன சங்கதி?" சடையாண்டி வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டார். பத்தொன்பது வருடமாகச் சொல்லாததை அன்றைக்குச் சொன்னார். "ஒன்னுமில்ல ராக்கு. உன் கருவாட்டுக்குழம்பு ரொம்ப நல்லாருக்கும்." சொல்லி முடித்ததும் பூச்சி கூடையிலேயே பொடியாக உதிர்ந்தது. "இதுக்குத்தானா? நான் வேற என்னமோன்னு பயந்தே போயிட்டேன்" என்று சொல்லிவிட்டு, ராக்கம்மாள் அடுப்பங்கரைக்குள் போய் அழுதாள்.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் வந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விழுங்கினால், மறுநாள் காலையில் தொண்டை கரகரக்கும், ஒரு இருமல், ஒரு பூச்சி. சின்னச் சொல்லுக்குச் சின்னப் பூச்சி, பெரிய சொல்லுக்குப் பெரியது. அதற்கு வாய் கிடையாது. எதையும் தின்னாது, குடிக்காது. யாரிடம் சொல்ல வேண்டியதோ அவர் வீட்டுச் சுவரைத் தேடிப் போய் உட்கார்ந்து, சரியாக ஐந்து நாள் உயிரோடு இருக்கும். அதற்குள் சொல்லிவிட்டால் பொடியாகி உதிரும், சொன்னவருக்கு நெஞ்சு லேசாகும். சொல்லாவிட்டால் ஐந்தாம் நாள் காய்ந்த இலை மாதிரி விழும். அதோடு அந்தச் சொல்லும் போய்விடும். பிறகு அந்த மனிதரிடம் அதைச் சொல்ல நினைத்தாலும் வாய்க்கு வராது.

பூச்சி செத்தால் சொல்லும் போய்விடும் என்பதை டிராக்டர் ஓட்டும் மொக்கராசுவிடமிருந்துதான் தெரிந்துகொண்டோம். தன் வாயிலிருந்து வந்ததைக் கொசுவை அடிப்பதுபோல் அவன் உள்ளங்கையால் அடித்து நசுக்கிவிட்டான். தம்பியோடு மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவன் அவன். அன்றைக்குச் சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போனான். மழையைப் பற்றிப் பேசினான், பம்ப்செட்டைப் பற்றிப் பேசினான், தம்பி பிள்ளைக்கு என்ன வயதாகிறது என்று மூன்று தடவை கேட்டான், எழுந்து வந்துவிட்டான். "அந்த ஒரு வார்த்தை மட்டும் எங்க போச்சுன்னே தெரியல" என்று டீக்கடையில் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

பூச்சி எதனால் வருகிறது என்று எஸ்டேட்டில் யாரும் ரொம்ப நாள் யோசிக்கவில்லை. வந்துவிட்டதற்கு என்ன செய்வது என்றுதான் யோசித்தார்கள். ஆஸ்பத்திரியில் முதலில் இருமல் மருந்து கொடுத்தார்கள், பிறகு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பெண்கள் காலி ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, பூச்சி பறந்து போவதற்குள் பிடித்து ஜன்னலில் வைத்து, காலண்டரில் ஐந்து நாளை எண்ணினார்கள். அந்த ஐந்து நாளுக்குக் கெடு என்று பேர் வந்தது. பாட்டிலைப் பார்க்கிற யாரும் "யாருக்கு?" என்று கேட்கலாம், "என்ன?" என்று மட்டும் கேட்கக் கூடாது என்ற மரியாதையும் தானாகவே உண்டானது. கெடு வைத்துக்கொண்டிருப்பவரைச் சாயங்காலம் யாரும் வீட்டில் உட்கார்த்திப் பேச்சுக்கொடுப்பதில்லை, போகிற இடத்துக்குப் போகட்டும் என்று வழிவிட்டார்கள். அந்த அக்டோபரில் மூன்று கைகலப்பும் ஒரு கல்யாணமும் நடந்தன. மேனேஜர் பங்களாவின் வெள்ளைச் சுவர் மட்டும் தரையிலிருந்து ஓடு வரைக்கும் பழுப்பாகிப்போனது. தோட்டக்காரர் தினமும் காலையில் விழுந்து கிடந்தவற்றைக் கூடையில் வாரிக்கொண்டு போய் ரோஜாச் செடிக்கு உரமாகப் போட்டார். அந்த வருடம் அங்கே ரோஜா நன்றாகப் பூத்தது.

எனக்கு மற்றவர்களைவிட அதிகமாக வந்தது. நான் அப்போது எஸ்டேட்டின் பூச்சியியல் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளராக இருந்தேன். விலங்கியல் படித்துவிட்டுத் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்திருந்தேன். பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால் "நிறுத்துங்க" என்று சொல்ல வராமல் அடுத்த நிறுத்தம் வரைக்கும் போய்த் திரும்பி நடந்து வருகிறவள் நான். விடுதியில் இன்னும் ஒரு கரண்டி சோறு வேண்டும் என்பதைக்கூட விழுங்கிவிடுவேன். அதனால் என் ஜன்னலில் ஆறு பாட்டில் இருந்தது. எல்லாம் அரிசி அளவுக்குப் பொடிப்பூச்சிகள், கண்டக்டருக்கும் சமையல்காரம்மாவுக்கும் உரியவை. எதற்கும் கெடுவுக்குள் நான் போனதில்லை. விழுந்ததும் பெருக்கித் தள்ளிவிடுவேன். சோறு கொஞ்சம் குறைந்தால் என்ன என்று இருந்துவிட்டேன்.

என் மேலதிகாரி டாக்டர் பத்மலோசனிக்கு இந்தப் பூச்சிகள்மேல் வேறு விதமான ஆர்வம். லோசனி மேடம் முப்பது வருடமாகத் தேயிலைக்குக் கேடு செய்கிற பூச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தவர். யாருக்கும் எந்தக் கேடும் செய்யாத ஒரு பூச்சியைக் கண்டதும் சின்னப் பெண் மாதிரி ஆகிவிட்டார். தடித்த புத்தகங்களைப் புரட்டி, வெளிநாட்டு நிபுணர்களுக்குப் படம் அனுப்பி, கடைசியில் கண்டுபிடித்தார். தூரத்துக் கடலில் இருக்கிற ஒரு தீவில் மட்டும் நூறு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை பதிவான இனம் இது. நம் நாட்டின் பூச்சிகள் பட்டியலில் இதுவரை கிடையாது.

"நாமதான் முதல் பதிவு, இசக்கி" என்றார். "நீயும் நானும்."

ஆனால் ஒரு இனத்தைப் புதிதாகப் பதிவு செய்ய, 'பார்த்தேன்' என்று சொன்னால் போதாது, படம் காட்டினாலும் போதாது. உடல் வேண்டும். ஊசியில் குத்தி, சிறகு விரித்து, எங்கே, எவ்வளவு உயரத்தில், எந்தத் தேதியில், யார் பிடித்தது என்று சீட்டு எழுதி, என்றைக்கும் யார் வேண்டுமானாலும் வந்து சரிபார்க்கிற மாதிரி ஒரு பெட்டிக்குள் அது இருக்க வேண்டும். கிடைத்ததெல்லாம் சிறகு கிழிந்தவை, செதில் உதிர்ந்தவை, அல்லது என்னுடையவை மாதிரி அடையாளம் தெரியாத அளவுக்குப் பொடியானவை. ஜனங்களிடம் கேட்டால் யாரும் நல்ல பூச்சியைத் தர மாட்டார்கள். கெடு முடியும் முன்னால் கொன்றால் என்னவாகும் என்று மொக்கராசுவைப் பார்த்திருந்தார்களே. மேடம் பொறுமையாகக் காத்திருந்தார். "ஒரே ஒரு முழுப் பூச்சி" என்று தேநீர் குடிக்கும்போதெல்லாம் சொல்வார்.

ஆய்வுக்கூடத்தில் என் உண்மையான வேலை எண்ணுவது. தேயிலைக் கொசு என்று ஒன்று உண்டு. கொழுந்தைக் குத்தி உறிஞ்சினால் இலை தீயில் பொசுக்கியதுபோல் கருகிவிடும். ஒவ்வொரு காட்டிலும் பசை தடவிய மஞ்சள் அட்டைகள் தொங்கும். புதன்கிழமைதோறும் புஷ்பக்கா அவற்றைக் கழற்றி, ஒவ்வொரு அட்டையிலும் அந்தந்தக் காட்டின் நம்பர் எழுதிய க்ளிப்பை மாட்டிக் கொண்டுவருவாள். அட்டையில் ஒட்டியிருக்கிற கொசுக்களை நான் எண்ணி எழுதுவேன். எண்ணிக்கை அதிகமான காட்டுக்கு மறுநாள் மருந்தடிப்பார்கள்.

புஷ்பக்காவின் முழுப்பெயர் மரியபுஷ்பம். கணவர் இறந்த பிறகு முழங்கால் வலியால் மலையேறிக் கொழுந்து பறிக்க முடியாமல் இந்த வேலைக்கு மாற்றப்பட்டவள். தொழிலாளர் வீட்டு வரிசைகளில், மூன்றாம் லைனில் கடைசி வீடு. மகள் ரோஸ்லின் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அக்கா உள்ளே வரும்போதே சத்தமும் கூட வரும்.

"பாப்பா, இன்னிக்காச்சும் வாயத் திறந்து ஒரு குட்மார்னிங் சொல்லு பாப்போம். பூச்சிக்குத்தான் வாயில்ல, உனக்கு என்ன?"

நான் சிரிப்பேன்.

"சிரிக்கிறா பாரு. உனக்கு மாப்பிள்ள பாக்க வர்றவன் பாடு திண்டாட்டந்தான். புடிச்சிருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்க அஞ்சு நாள் பாட்டிலோட உக்காந்திருக்கணும்."

டிபன் பாக்ஸைத் திறந்து, எதுவும் கேட்காமலே எனக்குப் பாதி வைத்துவிடுவாள். அவளிடம் மட்டும் நான் எதையும் விழுங்க வேண்டியிருந்ததில்லை, கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுகிறவள் என்பதால்.

நவம்பரில் ஒரு புதன்கிழமை நல்ல மழை. அக்கா கொண்டுவந்த அட்டைகள் எல்லாம் நனைந்திருந்தன. கொசுவும் தண்ணீரும் கலந்து எண்ண முடியவில்லை. மழை கொஞ்சம் விட்டதும் அவள் போய்விட்டாள். நான் க்ளிப்புகளைக் கழற்றி மேசையில் வரிசையாக வைத்து, அட்டைகளை ஹீட்டர் பக்கத்தில் பேப்பர் விரித்துக் காயவைத்தேன். க்ளிப்பைக் கழற்றக் கூடாது என்பது ஆய்வுக்கூடத்தின் முதல் பாடம். வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காய்ந்ததும் திரும்ப மாட்டினேன். நான்காம் நம்பர் காட்டின் க்ளிப்பைப் பதினொன்றாம் நம்பர் அட்டையிலும், பதினொன்றுடையதை நான்கிலும் மாட்டிவிட்டேன். எண்ணியது மட்டும் சரியாக எண்ணினேன்.

மறுநாள் பதினொன்றாம் நம்பருக்கு வீணாக மருந்தடித்தார்கள். நான்காம் நம்பரை விட்டுவிட்டார்கள். இரண்டு வாரத்தில் நான்காம் நம்பர் முழுக்கக் கருகி, கொசு பக்கத்துக் காடுகளுக்கும் பரவி, சாலையிலிருந்து பார்த்தால் மலையின் ஒரு தோள் முழுவதும் எரிந்து அணைந்ததுபோல் இருந்தது. நாற்பது பெண்களுக்கு ஒரு மாதம் பறிக்கக் கொழுந்து இல்லை. என் நோட்டில் இருந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

லோசனி மேடம் கோயம்புத்தூர் போயிருந்த ஒரு திங்கட்கிழமை விசாரணை நடந்தது. ஆபீஸ் அறையில் மேனேஜர், ஃபீல்டு ஆபீசர், சங்கத்துக்காரர் ஒருவர். நானும் புஷ்பக்காவும் சுவரோரமாக நின்றோம்.

"அட்டைகளைக் கழட்டிக் கொண்டுவந்தது யார்?"

"நான்தான் சார்" என்றாள் அக்கா.

"க்ளிப் மாட்டியது?"

"நான்தான் சார். காட்டுலயே மாட்டித்தான் சார் கொண்டாந்தேன். ஒருநாளும் மாறுனதில்ல."

"இப்ப மாறியிருக்கே."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நேராகச் சுவரில் இருந்த எஸ்டேட் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "லேபுக்கு வந்த பிறகு அட்டை மாற வாய்ப்பு இருக்கா?"

'க்ளிப்பைக் கழற்றியது நான். மாற்றி மாட்டியதும் நான்.' இவ்வளவுதான். நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அறையில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் பேசாமல் நிற்பதைப் பயம் என்று எடுத்துக்கொண்டு மேனேஜர் குரலைத் தணித்து, ஒரு மகளிடம் கேட்பதுபோல் கேட்டார்: "பயப்படாதேம்மா. நீ சரியாத்தானே எண்ணினே?"

"ஆமாம் சார்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். மற்றதை விழுங்கினேன்.

புஷ்பக்காவை வேலையை விட்டு நீக்கினார்கள். எஸ்டேட்டில் வேலைதான் வீடு. வேலை போனால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சங்கத்துக்காரர் பேசிப் பொங்கல் வரைக்கும் அவகாசம் வாங்கிக் கொடுத்தார். ரோஸ்லினின் பரீட்சை மார்ச்சில்.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தில் தனியாக இருக்கும்போது இருமல் வந்தது. வழக்கமான சின்ன இருமல் இல்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு குனிய வேண்டியிருந்தது. வெளியே வந்த பூச்சி என் உள்ளங்கை அகலம் இருந்தது. ஒரு செதில் உதிராத, நரம்பு மடங்காத சிறகுகள். ஒவ்வொரு முன்சிறகிலும், மேசையில் டம்ளர் வைத்து எடுத்த தடம்போல ஒரு வெள்ளை வளையம். அது பறந்து மூன்றாம் லைன் பக்கம் பார்த்த ஜன்னல் கண்ணாடியில் உட்கார்ந்து, வெளியே போக வழி தேடியது. ஜன்னலைத் திறந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். பாட்டிலை எடுத்துக்கொண்டு, அதற்குப் பின்னாலேயே நடந்து, கடைசி வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று நினைத்தேன். ஐந்து நாள் இருக்கிறதே என்றும் நினைத்தேன்.

அப்போதுதான் மேடம் உள்ளே வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தார், பை இன்னும் தோளில் தொங்கியது. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இசக்கி. அசையாதே." பையை மெதுவாகத் தரையில் வைத்தார். "கடவுளே, எவ்வளவு அழகு! உன்னுடையதா?"

தலையாட்டினேன்.

"யாருக்கு?"

"ஆபீசுக்கு" என்றேன்.

மேடம் சிரித்துவிட்டார். "ஆபீசுக்கா! அது இங்கே எல்லாருக்கும் இருக்கிறதுதானே." கொல்லும் பாட்டிலை எடுத்தார். அடியில் மருந்துப் பஞ்சு வைத்த, அகலமான வாய் உள்ள பாட்டில். அதைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். இதை நான் விட்டுவிடாமல் எழுத வேண்டும்: அவர் கேட்டார். என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எடுத்துக்கலாமா? கட்டாயம் இல்லைம்மா. வேண்டாம்னா சொல்லு, வேற ஒண்ணு என்னிக்காவது கிடைக்கும். உனக்குச் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தா போய்ச் சொல்லிட்டு வா. இது உதிர்ந்து போனாலும் நான் அடுத்ததுக்குக் காத்துக்கிட்டிருக்கேன்."

'வேண்டாம்' என்பது ஒரு சின்னச் சொல்தான். இத்தனை நாள் காத்திருந்த ஒருவரின் முகத்துக்கு நேராக எனக்கு அது வரவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள் என்று தலையை ஆட்டினேன்.

பூச்சி பாட்டிலுக்குள் ரொம்பத் துடிக்கவில்லை. இரண்டு தடவை சிறகை அடித்தது. மூன்றாவது தடவை பாதியில் நின்றுவிட்டது. அது நின்ற அந்தக் கணத்தில் எனக்கு என்ன இருந்தது என்றால், நிம்மதி இருந்தது. இனிமேல் நினைத்தாலும் சொல்ல முடியாது, அதனால் சொல்ல வேண்டியதும் இல்லை என்ற நிம்மதி. தூக்கக்கலக்கத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொள்வதுபோல அது என்னை மூடியது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை வருடமாக வருத்தப்படுகிறேன்.

மேடம் ஊசியை நெஞ்சின் நடுவில் இறக்கினார். பலகையில் சிறகு விரித்தோம். சீட்டை என் கையெழுத்திலேயே எழுதச் சொன்னார். மூடுபாறை, ஆயிரத்து நூற்றுப் பத்து மீட்டர், தேதி, சேகரித்தவர்: ஆ. இசக்கியம்மாள். எந்தச் செடியை உண்டு வளர்கிறது என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். மேடம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியவில்லைன்னு எழுது" என்றார்.

நிம்மதி சாயங்காலம் வரைக்கும்கூட நிற்கவில்லை. மூன்றாம் லைனைத் தாண்டி விடுதிக்குப் போகும்போது ரோஸ்லின் வாசலில் உட்கார்ந்து ஏதோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். மறுநாளே ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் நிமிர்ந்து பார்த்து "என்னம்மா?" என்றார். அவர் கேட்டும் விழுங்கிய சொல் அது, அவரிடமும் வரவில்லை; கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டேன். கொடுத்தார். அதற்கடுத்த நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தவள், "வா பாப்பா, உக்காரு" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். நான் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எந்தத் தைலம் தேய்க்கிறீர்கள் என்று கேட்டேன். ரோஸ்லினுக்குப் பிடித்த பாடம் எது என்று கேட்டேன். மொக்கராசுவின் நினைவு வந்து எழுந்துவிட்டேன். வாயால் முடியாததைக் கையால் செய்யலாம் என்று கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள அக்கா, நலம்' என்பதற்குப் பிறகு பேனா மூடுபாறையில் அன்றைக்கு அடித்த குளிரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியது. இதைப் படிக்கிற உங்களுக்கு இப்போது எழுத முடிகிறது. அந்தச் சொல் உங்களுக்காக உண்டானது இல்லை, அதனால்தான்.

எங்கள் கட்டுரை பின்னால் ஒரு ஆய்விதழில் வெளிவந்தது. நாட்டின் அந்துப்பூச்சிப் பட்டியலில் ஒரு எண் கூடியது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த வளையங்கள் தெளிவாகத் தெரிந்தன. அடியில் என் பெயர் இருந்தது. மேடம் ஆய்வுக்கூடம் முழுக்க லட்டு கொடுத்தார். பூச்சி இப்போது ஒரு பெரிய நகரத்தின் அருங்காட்சியகத்தில், கற்பூர வாசனை அடிக்கிற இழுப்பறையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அனுமதி வாங்கிப் போய்ச் சரிபார்க்கலாம். நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். குனிந்து வெகுநேரம் பார்த்தேன். அது ஒரு அந்துப்பூச்சி. அவ்வளவுதான் தெரிந்தது.

ஆனால் புஷ்பக்கா அதற்கு முன்பே, பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள். தங்கை வீட்டுக்கு, திண்டுக்கல்லுக்கு. கட்டிலும் அலுமினியப் பாத்திரங்களும் கம்பளியில் சுற்றிய டிவியும் டெம்போவில் ஏறியிருந்தன. ரோஸ்லின் புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வழியனுப்ப லைன் பெண்கள் பத்துப் பேர் நின்றார்கள், நான் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு நின்றேன்.

ராக்கம்மாளைக் கட்டிப்பிடித்துவிட்டு நிமிர்ந்தபோது அக்கா இருமினாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை இருமினாள்.

"அட, போற நேரத்துல எனக்குமா?" என்று அவள் சொல்லும்போதே பூச்சி வெளியே வந்தது. பெரியது. பங்களாப் பக்கம் போகும் என்று எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். அது நேராக வந்து என் மணிக்கட்டில் உட்கார்ந்தது.

"யாருக்குன்னு கேக்க வேண்டியதில்ல" என்றாள் ராக்கம்மாள் மெதுவாக. பெண்கள் ஒவ்வொருவராக முந்தானையைச் செருகிக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்கள்.

அக்கா கெடு எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"அன்னிக்குக் குடைய மறந்து வச்சுட்டுப் போயிட்டேன் பாப்பா. எடுக்கலாம்னு பாதி வழியில திரும்பி வந்தேன். ஜன்னல் வழியாப் பாத்தேன். அட்டையெல்லாம் ஹீட்டர்கிட்ட காஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு, க்ளிப்பெல்லாம் தனியா மேசையில இருந்துச்சு. நான் அத ஆபீஸ்ல சொல்லியிருக்கலாம். சங்கத்துல சொல்லியிருக்கலாம். படிச்ச புள்ள, தானே சொல்லும்னு இருந்துட்டேன். அஞ்சு நாள் பாத்தேன். அதுக்கப்புறமும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நேத்து ராத்திரிதான், கேக்காமலே போயிடலாம்னு முழுங்குனேன்."

என் மணிக்கட்டில் பூச்சி பொடியாக உதிர்ந்தது. அவள் முகத்தில் கோபம் இல்லை. சுமையை இறக்கி வைத்த பெண்கள் எடை போடும் இடத்தில் ஒரு கணம் நிற்பார்களே, அப்படி நின்றாள். நின்று, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். அந்த வாக்கியம் இருக்க வேண்டிய இடத்தை நாக்கு தேடிப் போனது. பல் பிடுங்கிய இடம்போல அங்கே வழுவழுவென்று ஒன்றும் இல்லை. மறுபடி தேடினேன். அவள் காத்திருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"குடை கிடைச்சுச்சாக்கா?" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள்.

"கிடைச்சுச்சு" என்றாள்.

டிரைவர் ஹாரன் அடித்தார். அக்கா முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு முன்சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் ஏறி, கதவைச் சாத்தினாள். அது சரியாகச் சாத்தவில்லை. திறந்து, இன்னொரு தடவை இழுத்துச் சாத்தினாள்.